காசியம்மாளின் அட்டை ஆட்கள்

கள்ளக்குறிச்சியில் ஆதிமூலம் வைத்திருக்கும் பழைய பேப்பர் கடையில் காசியம்மாளுக்குப் புத்தகம் பிரிக்கிற வேலை. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் காகித மில்லில் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையை உரித்து, முதுகில் ஒட்டியிருக்கும் துணியையும் பசையையும் கத்தியால் சீவி, உள்தாளைத் தனியாகக் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கைடுகள், வக்கீல் வீட்டுத் தடிப் புத்தகங்கள், யாரோ இறந்துபோன வீட்டிலிருந்து மூட்டையாக வரும் பஞ்சாங்கங்கள் என்று நாள் முழுக்க அவள் கையில் ஏதாவது ஒன்று தோலுரிந்துகொண்டே இருக்கும். உரித்த அட்டைகள் மூலையில் குவிந்து கிடக்கும்.

ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டு லாரி வரவில்லை. கட்டிய கட்டுகள் கூரையைத் தொட்டு நின்றன. கூட வேலை செய்யும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள் ஒரு நீல அட்டையை எடுத்து வட்டமாக வெட்டினாள். பிய்ந்த பையிலிருந்த ஜிப்பை அறுத்து வாயாக ஒட்டினாள். இரண்டு சோடா மூடிகள் கண்கள். பிறகு ஜிப்பை மெல்ல இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

“லீவு கேட்டா மொதலாளி இப்டிதான் பேசுவாரு” என்றாள்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆதிமூலமே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதைக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். தன்னால் இத்தனை பேரைச் சிரிக்கவைக்க முடியும் என்று அதுவரை காசியம்மாளுக்குத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த அந்த ருசி அவளை விடவில்லை.

அவள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அப்பால் இருந்தது. காலையில் பஸ் ஏறி வந்து பொழுதுசாயத் திரும்புவாள். மழைக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கும் ஓடை கண்டதையும் அடித்துக்கொண்டு வந்து காலனிக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போகும். ஒற்றைச் செருப்பு, ஆட்டு மணி, பொம்மையின் கை, டார்ச் லைட்டின் கண்ணாடி. அவற்றையெல்லாம் பொறுக்கிக் கழுவிக் கூடையில் போட்டுவைத்தாள். தடிமனான கைடுகளின் நடுவைக் குடைந்து, உள்ளே ஒரு வீடு செய்தாள். அட்டையைத் திறந்தால் அடுப்படி, கயிற்றுக் கட்டில், கட்டிலுக்கடியில் புளியங்கொட்டையில் செய்த கோழிக்குஞ்சுகள். செருப்பு வாரில் காது வைத்த ஆடு ஒன்றும், பல் தேய்க்கும் பிரஷ்ஷை மீசையாக ஒட்டிய கண்டக்டர் ஒருவரும் வந்தார்கள். அவள் புருஷன் பிச்சைமுத்து செங்கல் சூளைக்கு வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். அவனைக்கூட ஒன்று செய்தாள். பூட்டையே தலையாக வைத்தாள். சாவி கிடையாது. காலேஜுக்குப் போகும் மகள் தேவதர்ஷினி அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தாள். பிச்சைமுத்துவும் மூக்கால் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஆட்களையே செய்ய ஆரம்பித்தாள். யாரைச் செய்தாலும் அவர்கள் கழித்துப் போட்ட பொருள் ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அப்போதுதான் ஆள் வரும் என்பாள். காலனியில் மட்டுமில்லாமல் ஊர்த்தெருவிலிருந்தும் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “எங்க அப்பாவச் செய்யிங்க” என்று உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார்கள்.

ஊரில் தண்ணீர் டேங்க் பார்த்துக்கொண்டிருந்த இருசப்பன்தான் தன்னைச் செய்யச் சொல்லி முதலில் தானாகவே வந்து கேட்டவன். வாய்க்கு வாய் வேடிக்கை பேசுகிறவன். பழைய குழாய் ஒன்றை அவனே கழற்றிக்கொண்டு வந்து தந்தான். காசியம்மாள் அதை அவனுக்கு மூக்காக வைத்தாள். பவுடர் டப்பாவை டேங்காக்கி, தீக்குச்சியில் ஏணி கட்டி, மேலே அவனை நிற்க வைத்தாள். மூக்கைத் திருகினால் தலை ஆடும். இருசப்பன் டீக்கடை முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

மழை வந்ததும் மைதாப் பசை ஊறிவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அட்டை இருசப்பன் ஏணியிலிருந்து நழுவி, டப்பாவுக்குப் பக்கத்தில் தலைகீழாகக் கிடந்தான். தேவதர்ஷினி அதைப் போனில் படம் பிடித்து, டேங்க் ஆபரேட்டர் ஆட்டம் க்ளோஸ் என்று எழுதித் தோழிகளுக்கு அனுப்பினாள். அது எப்படியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இருசப்பனும் பார்த்துச் சிரித்தான். அந்த வாரம் தீருவதற்குள் டேங்க் கழுவ ஏறியவன் பாசியில் வழுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

சாவு வீட்டில் காசியம்மாள் ஒப்பாரிக்கு உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. எதிரே ஒருத்தி இன்னொருத்தியிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் விளங்கியது.

பிறகு எது நடந்தாலும் அவள் வீட்டுப் பக்கமே கை நீண்டது. ஒருத்தர் மாடு செத்த கன்று போட்டது, இன்னொருத்தர் மகன் பைக்கிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அந்தப் பையனின் பழைய பேனா மூடி காசியம்மாள் செய்த கோழிக்கு அலகாக இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். பெண்கள் தலைவாரி உதிர்ந்த முடியை மண்ணில் புதைத்தார்கள். கிழிந்த செருப்பைக்கூடக் குப்பையில் போடாமல் கொளுத்தினார்கள். பொழுதுசாய்ந்தால் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் எரியும் நாற்றம். முன்பெல்லாம் பொருள் கொண்டுவந்து தந்த பிள்ளைகள் அவளைக் கண்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். பஸ்ஸில் அவள் உட்கார்ந்த சீட்டில் மற்ற பாதி காலியாகவே வந்தது.

காசியம்மாள் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. பசை ஊறியது, பாசி வழுக்கியது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த ஆட்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிய்த்து ஓடையில் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். கண்டக்டரைக் கையில் எடுத்தாள். மீசையைப் பிடித்தவள் இழுக்காமல் அப்படியே நின்றாள். நாளைக்கு அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பூட்டுத் தலையோடு பிச்சைமுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தொடக்கூட அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, உரசாமல் நடுவில் துணி வைத்து, பரணில் ஏற்றினாள்.  ஊரார் நம்புவதில் ஒரு நூல் அளவு தன் நெஞ்சுக்குள்ளும் நுழைந்துவிட்டது என்பதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

தையில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், மாயவன் வந்தார்.

மாயவன் ஊர்த்தெருக்காரர். நிலபுலன் உள்ளவர். அவருக்கும் தம்பி கொளஞ்சியப்பனுக்கும் பாகம் பிரிந்ததிலிருந்தே பேச்சு கிடையாது. பொதுக் கிணறு, பொது மோட்டார், வரப்பு என்று எல்லாவற்றிலும் தகராறு. தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் இல்லாவிட்டால், மனைவி ஒருத்தியால் காப்பாற்ற முடியாமல் அந்த நிலம் எப்படியும் அண்ணன் கைக்கு வந்துவிடும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

காலனிக்குள் வந்து பழக்கமில்லாத மனுஷர், உச்சி வெயிலில் புல்லட்டைக் காலனி முனையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிச்சைமுத்து சூளைக்குப் போயிருந்தான். காசியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுச் சொம்பில் அவர் தண்ணீர் குடித்ததைப் பார்த்ததுமே, இது சும்மா வந்த வரவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பல் உடைந்த சீப்பு. அதில் நாலைந்து நரைமுடி.

“எங்க கொளஞ்சி தலை வார்ற சீப்பு” என்றார். “அவன மாதிரி ஒண்ணு செஞ்சி, கெணத்தாண்ட படுக்க வெச்சிடு.”

அதெல்லாம் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குச் செய்தது, இப்போது விட்டுவிட்டேன், தனக்கு ஒன்றும் தெரியாது என்று காசியம்மாள் கைகூப்பிச் சொன்னாள். இருசப்பன் விழுந்தது பாசியில் என்றும் சொன்னாள். மாயவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. மந்திரம் தேடி வந்த ஆளின் தவிப்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை.

“எனக்கும் அதுலலாம் நம்பிக்க இல்ல” என்றார். “நீ செஞ்சாலும் சரி, செய்யலன்னாலும் சரி. நான் வந்தத நாலு பேரு பாத்துக்கினுதான் இருந்தாங்க.”

சீப்பை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடையில் ஒரு தடிப் புத்தகத்தின் முதுகைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னது அவளுக்கு முழுதாக உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மனுஷருக்குப் பொம்மை வேண்டாம். தம்பி செத்தால் அந்தச் சாவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். கிணற்றடியில் கொளஞ்சியப்பன் கிடந்தால் ஊர் போலீசிடம் போகாது, கரும்புக்காட்டில் யார் காலடி என்று பார்க்காது. நேராகக் காலனிக்கு, அவள் வாசலுக்கு வரும். மகள் தனியாக இருக்கும் நேரமாகவும் வரலாம். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கொலை எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கிறது, அதற்குத் தங்க இடம் தன் வீடு என்று அவளுக்குத் தோன்றியது.

பிச்சைமுத்துவிடம் சொன்னாள்.  “நமக்கு எதுக்கு. கெளம்பிடலாம்” என்றான். ஓடிப் போனால் செய்துவிட்டுத்தான் ஓடினாள் என்பார்களே என்றாள் அவள்.  இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கிருந்த ஏட்டு சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொம்மை செய்யச் சொன்னார் என்று எப்படியம்மா கேஸ் போடுவது, ஏதாவது நடந்தால் வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு அவள் மட்டும் கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போனாள். கேட்டருகே அவர் மனைவி விஜயலட்சுமி நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். காசியம்மாளைக் கண்டதும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காசியம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றபடியே, சாத்திய கதவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி நடக்கையில் பின்னால் கதவு திறந்தது. அவள் நின்ற இடத்தில் விஜயலட்சுமி உப்பும் மிளகாயும் போட்டுக் கொளுத்தினாள். அந்தக் காட்டம் தெருமுனை வரைக்கும் காசியம்மாளோடு வந்தது.

இரண்டு நாள் யோசித்தாள். மலையில் மூட்டம் இறங்கிக் கிடந்தது. கிணற்று மோட்டார் சத்தம் கேட்டாலும் பயமாக இருந்தது, நின்றாலும் பயமாக இருந்தது. கடைசியில், பால் சொசைட்டி என்று முடிவு செய்தாள். விடிந்ததும் ஊர்த்தெருவில் பாதிப்பேர் அங்கேதான் கேனோடு நிற்பார்கள். மாயவனும் வருவார், கொளஞ்சியப்பனும் வருவார். பிச்சைமுத்து வேண்டாம் என்றான். கெஞ்சிப் பார்த்தான். அவள் புறப்பட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

வரிசை அவளைப் பார்த்ததும் விலகியது. பால் அளக்கிறவன் கை நின்றது. காசியம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, மேஜை மேல் எல்லோருக்கும் தெரிய வைத்தாள்.  

“இது கொளஞ்சியப்பன் சீப்பு. மாயவன் எங்க வூட்டாண்ட வந்து இத குடுத்தாரு. அவர மாதிரி செஞ்சி கெணத்தாண்ட படுக்க வெய்யின்னாரு. நான் செய்யல. செய்யவும் தெரியாது. நாளைக்கு அவருக்கு இன்னா ஆனாலும் எங்கிட்ட வராதீங்க. சீப்ப எடுத்தாந்தது யாருன்னு கேளுங்க.”

 கொளஞ்சியப்பன் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். அவரையறியாமல் அவர் கை தலைக்குப் போய், முடியைத் தடவியது. மாயவன் நிதானமாகக் கேனைக் கீழே வைத்தார்.

“மூள கொழம்பிப்போச்சி பொம்பளைக்கு” என்றார். “குப்ப பொறுக்கிப் பொறுக்கி இப்டி ஆயிட்டா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் காசியம்மாளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பிச்சைமுத்துவைத்தான் பார்த்தார். அளவெடுக்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை.

அன்றிலிருந்து கொளஞ்சியப்பன் தனியாகக் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அடுத்த முறை தண்ணீர் பாய்ச்சப் போகும்போது ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூமின் இரும்புக் கதவைத் தொடுமுன் ஒயர்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து, கதவின் கீலோடு ஒட்டிக் கிடந்தது. எலி கடித்ததா, யாராவது உரித்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. எலிதான் என்றார் மாயவன், டீக்கடையில். கரும்புக்காட்டு எலிக்கு ஒயர் என்றால் உயிர் என்றும் சொன்னார்.

அதற்கப்புறமும் காசியம்மாளை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்த்தெருவில் சிலர் மாயவனை ஒதுக்கினார்கள், பலர் ஒதுக்கவில்லை. அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது எப்படி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். காலனியில் பெரியவர்கள் கூடி, ஊர்க்காரர்கள் சண்டையில் நாம் மாட்டிக்கொள்ள வேண்டாம், கொஞ்ச நாள் வெளியே இரு என்று பக்குவமாகச் சொன்னார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். ஒரு முறை மட்டும், கள்ளக்குறிச்சி பஸ்ஸில், காலியாக இருந்த அந்தப் பாதி சீட்டில் விஜயலட்சுமி வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.  இறங்கும்வரை அவள் முழங்கை காசியம்மாள் முழங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று பரணிலிருந்து சாக்கை இறக்கினாள். இருசப்பனை மட்டும் வெளியே எடுத்தாள். ஏணி முறிந்திருந்தது, மூக்கு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திருகினாள். தலை ஆடியது. இருசப்பன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி முன்னால் அதை வைத்துவிட்டு, திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றாள். அந்தப் பெண் அதைக் கையில் எடுத்தாள். ஒரு முறை மூக்கைத் திருகினாள். பிறகு முந்தானையில் துடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். மற்ற ஆட்களைக் காசியம்மாள் மணி, மூடி, பித்தான், சக்கரம் என்று தனித்தனியாகப் பிரித்து, அட்டைகளைக் கடையில் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவில்லைதானே என்று ஒரு மாதம் வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது கள்ளக்குறிச்சியிலேயே, கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார்கள். தேவதர்ஷினி படிப்பை முடித்துச் சென்னைக்குப் போய்விட்டாள். பிச்சைமுத்து சூளை வண்டியை விட்டு மினி லாரி ஓட்டுகிறான். ராத்திரிப் பயணம் போவதில்லை. மகளின் தொந்தரவு தாங்காமல் காசியம்மாள் மறுபடி செய்ய ஆரம்பித்தாள். ஆடு, கோழி, ஆமை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்து வகுப்பில் வைக்க ரெண்டு வாங்கிக்கொண்டு போனாள். மனித முகம் மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டாள். ஆமை ஓட்டில்கூடக் கண் மாதிரி இரண்டு புள்ளி விழுந்தால் அழித்துவிடுவாள்.

போன மாசி மாதம் ஒரு நாள் கடை வாசலில் புல்லட் வந்து நின்றது. மாயவன் பழைய பேப்பர் மூட்டை ஒன்றை இறக்கினார். தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே மனுஷர்தான். ஆதிமூலம் எடை போடும்வரை, உள்ளே உட்கார்ந்திருந்த காசியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் செய்றியா?” என்று கேட்டார்.

அவள் அடுத்த புத்தகத்தை எடுத்து முதுகைக் கீறினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பழையது, ஒரு பக்கம் நூல் சுற்றியிருந்தது. தராசுத் தட்டில் வைத்தார்.

“என்னை மாதிரி ஒண்ணு செஞ்சி படுக்க வெய்யி. பாக்கலாம்.”

சிரித்துக்கொண்டே போய் வண்டியில் ஏறினார். ஆதிமூலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டிய ஆளா என்று கேட்டார். ஊர்க்காரர் என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடியைக் கையில் எடுத்தாள். மூக்கில் படும் இடத்தில் அவருடைய வேர்வை இன்னும் காயவில்லை. எங்கே வைத்தால் ஆள் வரும் என்று விரல்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. சிவப்பு அட்டை, தடித்த கழுத்து, ஒரு பக்கம் தாழ்ந்த தோள். ஊரார் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்துவிடக் கூடாதா என்று அவள் முதன்முதலாக நினைத்தாள். அப்படி நினைத்தபோது பயமாக இல்லை. சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைக் கண்டுதான் மிரண்டாள்.

எழுந்து போய் அதைப் பிளாஸ்டிக் குவியலில் எறிந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அன்று சாயங்காலம் லாரி வந்து குவியலை அள்ளிக்கொண்டு போகும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.